சுழி பார்த்தால் போதுமா?

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழா தொடங்கிவிட்டால் ஊருக்கு இரண்டு முகங்கள் உண்டாகின்றன. ஒரு முகம் கோயிலை நோக்கியது. கொடியேற்றம், வாகன சேவை, மகா ரதம், மலையுச்சியில் மகா தீபம் என்று அம்முகம் நாளுக்கு நாள் பொலிவு பெறும். மற்றொரு முகம் ஊர்ப்புறத்தே கூடும் கால்நடைச் சந்தையை நோக்கியது. காளைகளும் பசுக்களும் நிறைந்த அச்சந்தையில் குதிரைகளும் விலைக்கு வருகின்றன. தீபம் காண வந்த குடியானவர் மாட்டையும் பார்த்துவிட்டுப் போவது இவ்வூரின் நெடுநாளைய வழக்கம்.

எட்டாம் திருநாளன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளுவது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாய்ந்து செல்லும் பாவனையில் முன்கால்களைத் தூக்கி நிற்கும் அந்தக் குதிரையின் அழகே அழகு. ஆனால் அது கொள்ளுக் கேட்பதில்லை, லாடம் கேட்பதில்லை, விழா முடிந்ததும் அடுத்த ஆண்டு வரையில் பேசாமல் நின்றுகொண்டிருக்கும். சந்தையில் வாங்கிய குதிரையோ அப்படிப்பட்டதன்று. அதை வீட்டிற்கு ஓட்டிக்கொண்டு போன அன்று மாலையே அதற்குப் பசிக்கும். மறுநாளும் பசிக்கும். வாங்கியவருக்கு வருமானம் வந்த நாளிலும் பசிக்கும். வராத நாளிலும் பசிக்கும்.

இந்த எளிய உண்மையைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியது, சென்ற கார்த்திகையில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தபோதுதான்.

"ஸார், குதிரை ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். கையில் எழுபத்தையாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அறுபதினாயிரத்துக்குச் சந்தையில் நல்ல குதிரை கிடைக்குமாம். கல்யாண ஊர்வலத்துக்கு விட்டால் நல்ல வரும்படி என்கிறார்கள்" என்றான் அவன்.

அவனுடைய தகப்பனார் இவ்வூரில் ஜட்கா ஓட்டியவர். ரெயில்வே ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் சென்று குடும்பத்தைக் காப்பாற்றியவர். பையன் ஓட்டுவது ஆட்டோ. ஆயினும் வீட்டில் குதிரை நின்ற காலம் அவன் நினைவைவிட்டு அகலவில்லை. இந்த ஆசையில் பாசமும் கலந்திருக்கிறது என்பதை அறிந்தபடியால் நான் அதைக் கேலி செய்யவில்லை.

"மாதம் என்ன செலவாகும் என்று எழுதிப் பார்த்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"சுழி பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன், ஸார்" என்றான்.

சுழியும் கணக்கும்

நம் நாட்டில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பதை எவரும் அறிவர். நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், மார்பில் உண்டா இல்லையா என்று மணிக்கணக்கில் ஆராய்வார்கள். இச்சாஸ்திரம் பழமையானது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திர நூலைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தார் 1952-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டனர். நம் முன்னோர் குதிரையை எவ்வளவு கூர்ந்து நோக்கினார்கள் என்பதற்கு அது ஒரு சான்று.

சுழி பார்ப்பவரை நான் குறைகூற வரவில்லை. ஆனால் சுழியில் மனத்தைச் செலுத்துகிறவர் செலவில் மனத்தைச் செலுத்துவதில்லை. அதிர்ஷ்டமுள்ள சுழியோடு பிறந்த குதிரையும் நாளொன்றுக்கு ஆறு கிலோ உலர் உணவு தின்னாமல் உயிரோடு இராது.

இது இன்று நேற்று ஏற்பட்ட குறையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ இதை வியந்து எழுதியிருக்கிறார். இந்நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்க விரும்புகிறார்கள்; ஆண்டு முடிவிலோ நூறு கூட மிஞ்சுவதில்லை; காரணம், குதிரையைப் பேணும் முறை இங்கே எவருக்கும் தெரியாது; லாடம் கட்டி வைத்தியம் பார்க்கிறவர்களும் இல்லை என்பது அவர் கூறியதன் சாரம். அதைவிட வேடிக்கை, குதிரை கொண்டுவரும் வர்த்தகர்கள் அத்தகைய வைத்தியர்களைத் தாங்களும் அழைத்து வருவதில்லை. வேறு எவரும் இங்கே வராதபடியும் தடுத்துவிடுவார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்?

நேயர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொன் கப்பல் கப்பலாக அரபுக் கடலுக்கு அப்பால் போயிற்று. எதிரி கொள்ளையடித்ததால் போகவில்லை. லாடம் அடிக்கத் தெரிந்த பத்துப் பேரை இந்த மண்ணில் பழக்காததால் போயிற்று. வாங்கும் செலவை அரசர்கள் அறிந்திருந்தார்கள். வளர்க்கும் செலவை அறியவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நம்மூர்க் கோயிலில் ஆயிரங்கால் மண்டபமும் ராஜகோபுரமும் எழுவதற்குக் காரணராய் இருந்த கிருஷ்ணதேவராயர் ஆண்டுதோறும் பதின்மூவாயிரம் குதிரை வாங்கினார் என்று நூனிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார்.

குதிரைக் கணக்கைப் பற்றிப் பேசும்போது மாணிக்கவாசகரை மறக்க முடியுமா? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளை அமைச்சராகிய அவர் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கொடுத்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியதும் பிரசித்தம். அந்த மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இத்திருவண்ணாமலையில்தான் என்பது மரபு. வாங்கும்போது பரியாக இருந்தது வீட்டுக்கு வந்தபின் நரியாகிப் பிற செல்வத்தையும் கடிப்பது புராணத்தில் மட்டும் நடப்பதன்று. கணக்கில்லாமல் வாங்கிய பொருள் எதுவும் அப்படித்தான் செய்யும்.

குதிரையின் வயிறு

செலவுக் கணக்குப் போடுமுன் தின்னும் பிராணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டைப்போல் குதிரை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை உடம்பின் பருமனைப் பார்க்கச் சிறியது. தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. புல்லின் நாரைச் செரிக்கும் வேலை பெருங்குடலில் நடைபெறுகிறது. ஆகவே சிறிது சிறிதாக, நாளின் பெரும்பகுதியும், நார் நிறைந்த புல்லைத் தின்றுகொண்டிருப்பதே அதன் இயல்பு.

இந்த அமைப்பை அறியாதவர்கள் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. புல்லைக் குறைத்துக் கொள்ளைக் கூட்டுவார்கள். கொள்ளு பலம் தரும் என்பது உண்மை. ஆனால் தானியம் ஒரேயடியாக வயிற்றில் இறங்கினால் குடலில் புளித்து வாயு சேரும். கடுமையான வயிற்று வலி வரும்; குளம்பு வீக்கமும் வரும். வயிற்று வலியால் ஒரே இரவில் இறந்துபோகும் குதிரைகள் பல. புல் முதல் உணவு, தானியம் துணையுணவு என்பதை மறக்கலாகாது.

பொதுவாகக் குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு வரையில் உலர் நிலையில் கணக்கிட்ட தீவனம் நாள்தோறும் வேண்டும். அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது புல்லாக இருத்தல் அவசியம். நாட்டு மட்டக்குதிரை ஒன்றின் எடை 250 கிலோ என்று கொண்டால், ஐந்து முதல் ஆறேகால் கிலோ வரை ஆகிறது. தண்ணீரோ வெயில் காலத்தில் சிறு குதிரைக்கே முப்பது லிட்டருக்குக் குறையாமல் வேண்டியிருக்கும்.

மாதக் கணக்கு

மாணவனும் நானும் திண்ணையில் உட்கார்ந்தோம். அவன் பென்சிலை எடுத்துக்கொண்டான். நாளொன்றுக்கு மூன்று கிலோ காய்ந்த புல், பத்துக் கிலோ பசும்புல், ஊறவைத்து வேகவைத்த கொள்ளு ஒரு கிலோ, கோதுமைத் தவிடு அரைக் கிலோ, உப்பு முப்பது கிராம் என்று அளவு வைத்தோம். கொள்ளின் அளவு வேகுமுன் நிறுத்த அளவு. விலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். நாங்கள் போட்ட விலை ஓர் உத்தேசமே. நேயர்கள் தங்கள் ஊர் விலையை வைத்துத் திருத்திக்கொள்க. முறைதான் முக்கியம். முப்பது நாளைக்கு வந்த கணக்கு இது:

காய்ந்த புல், 90 கிலோ, கிலோ 12 ரூபாய் வீதம் — ரூ. 1,080
பசும்புல், 300 கிலோ, கிலோ 5 ரூபாய் வீதம் — ரூ. 1,500
கொள்ளு, 30 கிலோ, கிலோ 70 ரூபாய் வீதம் — ரூ. 2,100
கோதுமைத் தவிடு, 15 கிலோ, கிலோ 30 ரூபாய் வீதம் — ரூ. 450
உப்பும் தாது உப்புக் கலவையும் — ரூ. 150
தீவனச் செலவு ஆக — ரூ. 5,280

"இவ்வளவுதானே, ஸார்!" என்று அவன் முகம் மலர்ந்தது.

"இது வாய்க்குப் போவது. இனிக் காலுக்கு வருவோம்" என்றேன்.

குதிரையின் குளம்பு நம் நகத்தைப்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மீண்டும் அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லை என்று விட்டுவிட்டால் குளம்பு நீண்டு நடை கெடும். நடை கெட்ட குதிரைக்கு விலையும் இல்லை, வேலையும் இல்லை. ஒருமுறைக்கு 1,200 ரூபாய், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்து மாதம் 800 என எழுதினோம்.

அடுத்தது வைத்தியம். இசிவு நோய் என்னும் டெட்டனஸ் குதிரையை எளிதில் தாக்கும். ஆகையால் தடுப்பூசி தப்பக் கூடாது. குடற்புழு மருந்து, ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனை இவையும் சேர வேண்டும். ஆண்டுக்கு 6,000 என்று கொண்டால் மாதம் 500. சேணம், கடிவாளம், கயிறு, தூரிகை இவற்றின் தேய்வும் பழுதும் ஆண்டுக்கு 3,600, மாதம் 300. கொட்டகைப் பராமரிப்பு, படுக்கைக்கு வைக்கோல், தண்ணீர், விளக்கு வகையில் மாதம் 700. தீவனம் நீங்கலாக இவை 2,300 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,580 ஆயிற்று.

அவன் பென்சிலைக் கீழே வைக்கப் போனான். நான் தடுத்தேன்.

"இன்னும் இரண்டு இனங்கள் இருக்கின்றன, தம்பி. ஒன்று, எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கு நிதி, மாதம் 1,000. நள்ளிரவில் குதிரைக்கு வயிறு வலித்தால் டாக்டர் பீஸை மறுநாள் கடன் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்காதே. இரண்டாவது, குதிரையின் விலை. அறுபதினாயிரம் ரூபாய்க் குதிரை உனக்குப் பத்து ஆண்டுகள் உழைத்தால் நூற்றிருபது மாதம். மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் அதன் விலையை நீ திரும்ப எடுத்து வைக்காவிட்டால், அது ஓய்ந்த நாளில் உன் கையில் ஒன்றும் இராது" என்றேன்.

மொத்தம் 9,080 ரூபாய் என்று அவன் எழுதினான். நாளொன்றுக்கு முந்நூற்று மூன்று ரூபாய் ஆகிறது. இதில் அவனுடைய உழைப்புக்குக் கூலி ஒரு காசும் சேர்க்கவில்லை. உருவி விடுவதும், லாயம் கூட்டுவதும், தண்ணீர் காட்டுவதும் நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேர வேலை. நாள் ஒன்றுக்குப் பத்துக் கிலோ அளவு விழும் சாணம் தோட்டத்துக்கு நல்ல எரு. ஆனால் அதை வரவில் எழுத வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எருவை நம்பிக் கொள்ளு வாங்குவது விவேகமன்று.

சந்தையில் கண்ணைக் கவரும் கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இதே விகிதத்தில் தீவனம் மட்டும் 8,448 ரூபாய் ஆகிறது. வாங்கும் விலை ஒருமுறைதான் பயமுறுத்தும். எடையோ மாதந்தோறும் பயமுறுத்தும்.

பன்னிரண்டு மாதமும் பசிக்கும்

செலவைப் பார்த்தோம், வரவைப் பார்க்க வேண்டாமா? கல்யாண ஊர்வலத்துக்குப் போனால் வழிச்செலவு போக 3,000 ரூபாய் நிற்குமென்று அவன் மதிப்பிட்டான். அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

"மாதம் மூன்று முகூர்த்தம் கிடைத்தால் போதும், ஸார். ஒன்பதாயிரம் வந்துவிடுகிறது" என்றான்.

"ஆடியில் எத்தனை முகூர்த்தம்? புரட்டாசியில்? மார்கழியில்?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. மாதக் கணக்குப் போடுகிறவர்கள் இடறி விழும் இடம் இதுதான். செலவு மாதக் கணக்காக வருகிறது. வரவு பருவக் கணக்காக வருகிறது. ஆகையால் ஆண்டுக் கணக்கையும் கூடவே போட வேண்டும். 9,080 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,08,960. அதை மூவாயிரத்தால் வகுத்தால் முப்பத்தேழு நாள் ஊர்வலம் வேண்டும். அத்தனையும் முகூர்த்தமுள்ள ஒன்பது மாதத்துக்குள் வரவேண்டும். ஒரு முகூர்த்த நாளில் ஒரே குதிரை இரண்டு ஊர்களுக்குப் போகாது. அத்தனைக்குப் பிறகும் அவனுக்கு மிஞ்சுவது பூஜ்யம். முப்பத்தெட்டாவது கல்யாணத்திலிருந்துதான் அவன் குடும்பத்துக்கு வருமானம்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஊர்வலத்தில் பாண்டு வாத்தியமும் பட்டாசும் இருக்கும். சுபாவத்தில் மிரளும் பிராணியை அதற்குப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் வரவு இல்லை, செலவு உண்டு.

பெரியவர் சேர்த்த இரண்டு வரிகள்

கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மகன் ஒவ்வொரு இனமாய் வாசித்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வாத்தியாரையா, ரெண்டு விட்டுப்போச்சு" என்றார்.

"சொல்லுங்கள், ஐயா. எழுதிக்கொள்ளுகிறோம்" என்றேன்.

"கோடையிலே பசும்புல் இந்த விலைக்கு வராது. பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் ரெட்டை விலை. அப்புறம், நான் காய்ச்சலிலே படுத்தா யாரு தீனி போடறது? உறவிலே ஒரு சாவு வாழ்வுன்னு வெளியூர் போனா யாரு தண்ணி காட்டறது? அதுக்கு ஒரு ஆள் கூலி."

நான் பட்டதாரி, பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். ஆயினும் இவ்விரண்டும் எனக்குத் தோன்றவில்லை. நாணத்தோடு எழுதிக்கொண்டேன். கோடைப் புல்லுக்கு மாதம் 1,500 அதிகம் என்றால் மூன்று மாதத்துக்கு 4,500. அதை ஆண்டு முழுவதற்கும் பரப்பினால் மாதம் 375. மாற்று ஆளுக்கு மாதம் இரண்டு நாள், நாளொன்றுக்கு 400 வீதம் 800. ஆக மாதச் செலவு 10,255 ரூபாய், ஆண்டுக்கு 1,23,060. இப்போது நாற்பத்தொரு ஊர்வலம் போனாலும் 60 ரூபாய் குறைகிறது. நாற்பத்திரண்டாவது ஊர்வலத்தில்தான் செலவு நேர்படுகிறது.

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தம்முடைய கடைசிக் குதிரையைப் பற்றிச் சொன்னார். ஆட்டோக்கள் பெருகிச் சவாரி குறைந்த காலம் அது. அந்த ஆண்டு மழை பொய்த்துப் புல் விலை ஏறிவிட்டது. கையில் காசில்லை. வீட்டில் ஒரு மூட்டைக் கொள்ளு மட்டும் இருந்தது. புல்லைப் பாதியாக்கிக் கொள்ளைக் கூட்டினார். நான்காம் நாள் இரவு குதிரை தரையில் புரண்டது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, விடியுமுன் முடிந்துவிட்டது.

"வியாதி கொல்லலே, வாத்தியாரையா. என் கணக்குத்தான் கொன்னுது" என்றார்.

மகன் அதுவரையில் இதைக் கேட்டதில்லையாம். அவன் தலை குனிந்தபடி தாளை மடித்துக்கொண்டான்.

சட்டமும் தர்மமும்

இத்தகைய முடிவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. செலவு தாங்காதவர்கள் குதிரையைச் சாலையில் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். அது குப்பையைக் கிளறிப் பிளாஸ்டிக்கைத் தின்னும். இரவில் வண்டியில் அடிபடும். 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இடமும் அளிக்காமலிருப்பதும், தக்க காரணமின்றி அதைக் கைவிடுவதும் குற்றங்களே. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரையில்தான். எங்கள் கணக்கில் ஒரு நாள் கொள்ளின் விலைகூட ஆகவில்லை!

1965-ஆம் ஆண்டில் வெளியான விதிகள் சுமை இழுக்கும் பிராணிகளுக்கு வேறு சில பாதுகாப்புகளையும் தந்தன. நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளியின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரையில் வேலையே கூடாது. திருவண்ணாமலைக் கோடையை அறிந்தவர்களுக்கு இந்த மூன்று மணி நேரத்தின் பொருள் விளங்கும். வரவுக் கணக்கில் இந்த ஓய்வையும் கழித்துத்தான் எழுத வேண்டும்.

கால்நடைக் கணக்கெடுப்புகளின்படி, 2012-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஆறேகால் லட்சமாயிருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ஆம் ஆண்டில் சுமார் மூன்றரை லட்சத்துக்குக் குறைந்துவிட்டன. ஏழு ஆண்டில் ஏறக்குறையப் பாதி! வண்டிக்கும் சுமைக்கும் தேவை குறைந்தது இயல்பே. ஆயினும் எஞ்சியிருப்பவை பசியின்றி வாழ வேண்டுமானால், அவற்றை வைத்திருப்பவர்கள் கணக்கோடு வைத்திருக்க வேண்டும். லண்டனில் மாணவராயிருந்தபோதே காந்தியடிகள் ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதி, படுக்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்தார் என்பதை அவருடைய சுய சரிதையில் காண்கிறோம். கணக்கெழுதுவதைக் கருமித்தனம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும். பிற்காலத்தில் பொதுப்பணத்தை லட்சக்கணக்கில் கையாண்டும் கடன்படாமல் இயக்கங்களை நடத்தத் தமக்கு உதவியது அந்தப் பழக்கமே என்பது அவர் துணிபு.

இல்லாத குதிரைக்குத் தீனி

கடைசியில் என்ன முடிவு செய்தோம் என்று கேட்பீர்கள். குதிரை விலை 60,000, சேணம் முதலிய ஆரம்பச் செலவு 10,000, முன்கூட்டிக் கையிருப்பாக மூன்று மாதச் செலவு 30,765. ஆக 1,00,765 ரூபாய் இருந்தால்தான் சந்தைக்குப் போகலாம். அவனிடம் இருந்ததற்கு மேல் இன்னும் 25,765 ரூபாய் வேண்டும். ஆனால் பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு: மாதந்தோறும் அத்தொகையை எடுத்து வைக்கும் பழக்கம். ஆகையால் அவனுக்கு ஒரு யோசனை சொன்னேன்.

"குதிரை வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள். மாதந்தோறும் 10,255 ரூபாயை உண்டியலில் போடு. ஆறு மாதம் தவறாமல் போட முடிந்தால் நீ குதிரை வளர்க்கலாம். முடியாவிட்டால் உனக்கும் நஷ்டமில்லை. ஒரு வாயில்லா ஜீவனுக்கும் நஷ்டமில்லை."

தீபத்தன்று மூவரும் சந்தைக்குச் சென்றோம். பெரியவர் சுழி பார்க்கவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். காலடியில் கிடந்த சாணத்தைப் பார்த்தார். "இதுக்கு என்ன தீனி போடறீங்க?" என்று ஒவ்வொரு வியாபாரியையும் கேட்டார். வெறுங்கையோடு திரும்பினோம். வழியில் மலையுச்சியில் தீபம் ஏறிற்று. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

அன்று முதல் மாத முடிவில் அவர் மகனைக் கேட்கும் கேள்வி ஒன்றே: "குதிரைக்குத் தீனி ஆச்சா?" முதல் மாதம் மார்கழி. கிரிவலத்துக்கும் தரிசனத்துக்கும் வந்த கூட்டத்தால் ஆட்டோவுக்குச் சவாரி உண்டு என்று நம்பியிருந்தான். ஆனால் இயந்திரம் பழுதாகிப் பத்து நாள் வண்டி நின்றுவிட்டது. ஆறாயிரம் ரூபாய்தான் போட முடிந்தது. பெரியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினெட்டாம் தேதியோட குதிரை பட்டினிடா" என்றாராம். அந்த ஒரு சொல் நான் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன அத்தனையையும்விடப் பையன் மனத்தில் தைத்தது. தை மாதத்தில் குறைந்த பணத்தையும் சேர்த்துப் போட்டான். மாசியிலும் பங்குனியிலும் தவறவில்லை.

இப்போது கொல்லைப்புறத்தில் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்று எழுந்திருக்கிறது. வரப்பில் வளரும் அருகம்புல்லை அறுத்துக் காயவைத்துப் போர் போடவும் தந்தை மகனுக்குக் கற்றுக் கொடுத்து வருகிறார். குதிரை இன்னும் வரவில்லை. ஆனால் வந்தால் பட்டினி கிடக்காது என்ற நம்பிக்கை எனக்கு உண்டாகியிருக்கிறது. வருகிற கார்த்திகையில் மறுபடியும் மூவரும் சந்தைக்குப் போவோம். அப்போது சுழி பார்க்கத் தெரிந்தவர் ஒருவரையும் அழைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.